வெள்ளிக்கிழமை வராத வக்கீல்

பாப்பா,

இந்தக் கடிதத்தை விழுப்புரம் கோர்ட் பார் ரூமிலும் திண்டிவனம் பார் ரூமிலும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதற்காகத்தான் எழுதுகிறேன். ஒட்டுவதற்கு முன்னால் முதல் பிரதி உனக்கு வருகிறது. வேண்டாத வரி எது இருந்தாலும் அடித்துவிடு. முழுக்கவே வேண்டாம் என்றால் கிழித்துப் போடு, ஏன் என்று கேட்கமாட்டேன். உன்னைக் கேட்காமல் உன் பெயரில் ஒரு காரியம் செய்து, அதற்கான ஏச்சையும் பேச்சையும் நீ வாங்கிக்கொண்டிருக்கும்போது, இன்னொன்றையும் உன்னைக் கேட்காமல் செய்ய எனக்குக் கை வரவில்லை. நாற்பதைத் தாண்டிய ஒரு வக்கீலை நோட்டீஸ் போர்டில் பாப்பா என்று கூப்பிடலாமா என்றும் யோசித்தேன். ஒருமுறை ஜட்ஜ் முன்னாலேயே வாய் தவறி அப்படிக் கூப்பிட்டு, நீ முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் வேறு எப்படி ஆரம்பித்தாலும் கோர்ட்டில் போடும் மனு மாதிரி ஆகிவிடுகிறது. அந்த ஒரு வார்த்தையைப் பொறுத்துக்கொள்.

போனில் சொன்னால் போதாதா என்று உன் அம்மாவுக்குக் கோபம். "எழுதிக்கினு உக்காந்திருக்கறதுக்கு, பஸ் ஏறிப் போய் நேர்லயே சொல்லிட்டு வாங்களேன். நம்ம பொண்ணுதானே, கடிச்சா தின்னுடப் போறா?" என்றாள். நேரிலும் வருவேன். ஆனால் உன் பெயர் கெட்டது உன் வீட்டுக் கூடத்தில் இல்லை. நாலு பேர் டீ குடிக்கும் இடத்தில் கெட்டது. அப்போது நானும் அங்கே ஒரு நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்காமல். திறக்க வேண்டியதும் அதே இடத்தில்தான்.

விஷயம் தெரியாமல் படிக்கிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நீ விழுப்புரம் வீட்டுக்கு வந்திருந்தாய். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உப்பு கொஞ்சம் போடுங்கள் என்று கேட்கிற குரலில் சொன்னாய்: "அப்பா, இனிமே வெள்ளிக்கிழமை நான் கோர்ட்டுக்குப் போறதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஆபீஸும் கிடையாது. கையில இருக்கற கேஸை ஒழுங்கா பார்க்கறேன். புதுசா வர்றதை அளவா எடுத்துக்கறேன்." உடம்புக்கு என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாய். பேத்தி நிலாவுக்காகவா என்றேன். "நிலாவுக்காக இல்லப்பா. எனக்காகத்தான்" என்றாய். அந்த வார்த்தைதான் எனக்குப் புரியவில்லை. உடம்பு முடியவில்லை என்றால் புரிந்திருக்கும். பிள்ளைக்காக என்றால் ஊருக்கே புரிந்திருக்கும். தொழில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருத்தி தனக்கென்று ஒரு நாளை எடுத்து வைத்துக்கொள்வது எனக்கு என்னவோ திருட்டு மாதிரிப் பட்டது. கட்சிக்காரன் வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனால் மறுபடி வருவானா என்று கேட்டேன். "திரும்பிப் போறவங்களுக்கு வேற நல்ல வக்கீல் பேரு சொல்லித்தாம்ப்பா அனுப்பறேன்" என்றாய். உன் அம்மா ரசம் ஊற்றினாள். எனக்கு அன்றைக்கு அது இறங்கவில்லை.

நான் எப்படி வேலை பார்த்தவன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வேலைக்கு நடுவில் வளர்ந்தவள் நீ. வீட்டு முன் ஹால்தான் ஆபீஸ். விடிந்ததும் விடியாததுமாகக் கட்சிக்காரர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். கோர்ட் முடிந்து வந்தால் மறுபடியும் அவர்கள். அதுவரைக்கும் நீயும் உன் அம்மாவும் உள்ளே சத்தம் போடாமல் நடப்பீர்கள், டிவியை வாய் அசைவை வைத்துப் பார்ப்பீர்கள். அப்பாவிடம் பேச வேண்டும் என்று நீ ஒருநாள் கட்சிக்காரர்கள் வரிசையில் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாய். உனக்கு முன்னால் இருந்தவர் உனக்கு ஒரு பன் கொடுத்தார். உன் முறை வருவதற்குள் நீ அந்த நாற்காலியிலேயே தூங்கிவிட்டாய். இந்தக் கதையை நான் எத்தனையோ பேரிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். அதில் சிரிப்பதற்கு என்ன இருந்தது என்று இப்போது யோசித்துப் பார்த்தால் தெரியவில்லை. நீ என்னிடம் என்ன சொல்ல வந்தாய் என்பதும் தெரியவில்லை. கேட்கவே இல்லை.

திருவக்கரைக்குப் போனதும் அப்படித்தான். கல்லாகிப்போன மரங்களைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வருஷம் நச்சரித்தாய். ஒரு லீவு நாளில் வாடகைக் காரெல்லாம் சொல்லியாகிவிட்டது. கிளம்பும் நேரத்தில் ஒரு கட்சிக்காரர் வாசலில் வந்து நின்றார். அவரும் அந்தப் பக்கம்தான் போக வேண்டும் என்றார். ஏறிக்கொள்ளுங்கள், பேசிக்கொண்டே போகலாம் என்று முன் சீட்டைக் கொடுத்துவிட்டு நான் உங்களோடு பின்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். போகிற வழியெல்லாம் பாகப்பிரிவினை. அங்கே போயும் அவர் இறங்கவில்லை, காருக்குப் பக்கத்தில் நின்று பேச்சு தொடர்ந்தது. நீ ஓடி வந்து, "அப்பா, இது மரமா கல்லா, தொட்டுப் பாருங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாய். இதோ வருகிறேன் என்றேன். அம்மன் கோயிலிலும் நீங்கள் இரண்டு பேர்தான் கும்பிட்டுவிட்டு வந்தீர்கள். அந்தக் கட்சிக்காரர் முகம்கூட இப்போது ஞாபகம் இல்லை.

இப்படிப்பட்டவனுக்கு உன் வெள்ளிக்கிழமை உறுத்தாமல் இருக்குமா. பார் ரூமில் ஒருத்தர் கேட்டார்: "என்ன சார், உங்க பொண்ணு பார்ட் டைம் வக்கீல் ஆயிட்டாங்களாமே?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துவிட்டு, "குழந்தை சின்னது, அதான்" என்றேன். என் தோளுக்கு வளர்ந்து எட்டாவது படிக்கிற குழந்தை. நீ எனக்காகத்தான் என்று நிமிர்ந்து சொன்னதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, உனக்கு ஒரு சாக்கை நானே தைத்து மாட்டிவிட்டேன். அது முதல் தப்பு.

இரண்டாவது, ஒரு வெள்ளிக்கிழமை திண்டிவனத்துக்கு வேலையாக வந்தவன் உன் வீட்டுக்குச் சொல்லாமல் வந்தது. அப்படி என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்ற எண்ணம்தான், மறைப்பானேன். பதினோரு மணி இருக்கும். கதவு சும்மா சாத்தியிருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு ஃபேனுக்குக் கீழே வெறும் தரையில் தூங்கிக்கொண்டிருந்தாய். வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போயிருக்கலாம். இல்லையென்றால் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் உன்னைப் பார்த்துக்கொண்டாவது இருந்திருக்கலாம். தட்டி எழுப்பினேன். எழுப்பி, ஒரு கேஸில் பழைய தீர்ப்பு ஒன்றைப் பற்றிக் கேட்டேன். அன்றைக்கே தெரிந்தாக வேண்டிய அவசரம் ஒன்றும் அதில் இல்லை. நீ கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, பதில் சொல்லிவிட்டு, டீ போட்டுக் கொடுத்தாய்.

மூன்றாவதுதான் பெரியது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் மல்லாட்டைக் கடலை பயிர் செய்கிற ஏழுமலையின் அப்பா காலத்திலிருந்து அவர்கள் வழக்கெல்லாம் நம் வீட்டில்தான். ஏழுமலையின் நிலத்துக்குப் போகிற பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் அடைக்கப் பார்க்கிறார் என்று அவர் முதலில் உன்னிடம்தான் வந்தார். இப்போது கை நிறைய இருக்கிறது என்று சொல்லி, நீ இரண்டு நல்ல வக்கீல்களின் பெயரைச் சொன்னாய். அவர் அங்கே போகாமல் விழுப்புரம் பஸ் ஏறி என்னிடம் வந்துவிட்டார். "ஐயா, பாப்பா எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க. உங்க வாசலைத் தவிர வேற வக்கீல் வாசலை நாங்க மிதிச்சதில்லீங்க. புதுசா ஒருத்தர்கிட்ட போய் எதைச் சொல்லிக்கினு நிப்பேன்?" என்றார். எனக்கு மண்டையில் ஏறிவிட்டது. "நீ போ, பாப்பா பார்த்துக்குவா" என்றேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கட்சிக்காரர் வக்கீலுக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்தான் வக்காலத்து. அவசரத்துக்கு உதவும் என்று ஆபீஸில் இருக்கும் ஜூனியர்கள் ஒரு கட்டு வக்காலத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார்கள். நீ என்னிடம் ஜூனியராக இருந்தபோது போட்டவை, நீ திண்டிவனத்தில் தனியாகத் தொழில் தொடங்கிய பிறகும் என் மேஜை டிராயரிலேயே கிடந்தன. என் பெயர், கீழே உன் பெயர், உன் கையெழுத்து. அதில் ஒன்றை எடுத்தேன். ஏழுமலையிடம் கையெழுத்து வாங்கி, நானும் போட்டு, திண்டிவனம் முன்சீப் கோர்ட்டில் வழக்கைத் தாக்கல் செய்தேன். உன் வழக்குகள் பெரும்பாலும் சப் கோர்ட்டில் என்பதால் உன் கண்ணில் படவில்லை. பாதையை அடைக்கக் கூடாது என்று இடைக்காலத் தடையும் நானே போய் வாங்கிவிட்டேன். அடுத்த வாய்தாவிலிருந்து உன் கையில் கொடுத்துவிட்டால், பேர் ஏறிவிட்ட பிறகு நீ எப்படி மறுப்பாய் என்பது என் கணக்கு.

அந்த வாய்தா விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை. முந்தின ஞாயிறு நீ வந்தபோது சொல்லிவிட வேண்டும் என்றிருந்தேன். நீயும் நிலாவும் வேகவைத்த மல்லாட்டையை உரித்துப் போட்டுக்கொண்டு எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அதைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். திண்டிவனத்தில் தெரிந்த வக்கீல் யாருக்காவது போன் செய்து வாய்தா வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை விழுப்புரத்தில் எனக்கு இரண்டு கோர்ட்டில் மூன்று வழக்கு. மாடிக்கும் கீழுக்கும் ஓடிக்கொண்டிருந்ததில் ஏழுமலையை மறந்தே போனேன். திண்டிவனத்தில் காலையில் கூப்பிட்டார்கள், மதியம் மறுபடி கூப்பிட்டார்கள், யாரும் ஆஜராகவில்லை. வக்கீல் இருந்தால் போதும், நீ வர வேண்டாம் என்று ஏழுமலையிடம் நானே சொல்லியிருந்தேன். வழக்கு தள்ளுபடி. அதோடு தடையும் போயிற்று. மறுநாள் காலையில் பக்கத்து நிலத்துக்காரர் பாதையில் முள்வேலி போட்டுவிட்டார்.

திங்கட்கிழமை திண்டிவனம் கோர்ட்டு வராந்தாவில் நடந்ததை நீ எனக்குச் சொல்லவில்லை. உன் குமாஸ்தா சொல்லித்தான் தெரியும். ஏழுமலை உன்னை வழிமறித்து, "நம்பிக் குடுத்துட்டு நான் வூட்ல குந்திக்கினு இருக்கேன், நீங்க லீவு போட்டுக்கினு தூங்குறீங்களா? அரை நாள் வக்கீலுக்கு எதுக்குங்க கறுப்புக் கோட்டு?" என்று கத்தினாராம். சுற்றிலும் கூட்டம் நின்றதாம். உனக்கு எந்த வழக்கு என்றே தெரியாது. கோர்ட் ஆபீஸில் கேஸ் கட்டை வாங்கிப் பிரித்து, அதில் உன் கையெழுத்தைப் பார்த்தாயாம். வெளியே வந்து அவரிடம், "நான் பார்த்துக்கறேங்க, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றாயாம். என் பெயர் உன் வாயில் வரவில்லை.

அன்று மதியம் எனக்குப் போன் செய்தாய். "அப்பா, நான் கையெழுத்துப் போட்ட வக்காலத்து உங்ககிட்ட இன்னும் எத்தனை இருக்கு?" அவ்வளவுதான் கேட்டாய். நானும் மடையன் மாதிரி டிராயரைத் திறந்து எண்ணிப் பார்த்து, "ஒம்போது இருக்கும்மா" என்றேன். பிறகு, ஏழுமலை நம்ம பழைய ஆள், அதனாலதான் என்று ஆரம்பித்தேன். போன் வைக்கப்பட்டிருந்தது. எத்தனையோ பேரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தவன் நான். அந்த ஒரு கேள்விக்கு மேல் என்னை யாரும் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

திண்டிவனத்துச் செய்தி விழுப்புரத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகும். மறுநாள் டீ நேரத்தில் அதே பேச்சு. "தொழிலைப் பாதி பாதியா பண்ணிக்கினு இருந்தா இப்படித்தான் சார் ஆகும்" என்றார் ஒருத்தர். "பாவம், சாருக்குத்தான் தலைகுனிவு" என்று இன்னொருத்தர் எனக்காக இரக்கப்பட்டார். நான் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தேன். சமயம் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த இரக்கத்தையும் வாங்கி வைத்துக்கொண்டேன் என்பதுதான் இந்தக் கடிதத்திலேயே எனக்கு எழுத வராத வரி. இரண்டு தடவை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். நீ அடிக்காதே.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்கு வராத என் மகள் ஒரு வாய்தாவையும் தவறவிட்டதில்லை. தன் வழக்குகளை அந்த நாளில் விழாமல் பார்த்துக்கொள்கிறாள். எடுத்த கேஸ் கட்டை முழுக்கப் படிக்காமல் எழுந்து நின்றதில்லை. தவறவிட்டவன் நான். அது நான் தூங்கிய நாள் அல்ல. காலை ஆறு மணிக்கு ஆபீஸில் உட்கார்ந்து ராத்திரி வரைக்கும் எழுந்திருக்காத நாள். ஓடி ஓடி உழைக்கிறேன் என்று நீங்கள் எல்லோரும் என்னைத்தான் ஜூனியர்களுக்கு உதாரணம் காட்டுகிறீர்கள். இனிமேல் கொஞ்சம் யோசித்துக் காட்டுங்கள்.

போன வாரம் நிலா போன் செய்தாள். "தாத்தா, அம்மா இப்ப வெள்ளிக்கிழமையும் கோர்ட்டுக்குப் போறாங்க. சாயங்காலமும் ஆபீஸ் இருக்கு. அப்பாதான் தோசை ஊத்தறாரு" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது பாப்பா. ஒரு நிமிஷம்தான். ஆனால் இருந்தது. வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். போனை வைத்துவிட்டு உன் அம்மாவிடமும் அதையே சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே பேசினாள்: "ஆயுசு பூரா நான் அந்த ஆபீஸ் ரூம் கதவுக்கு இந்தப் பக்கமே நின்னுக்கினு இருந்தேன். சாப்பாடு ஆறுது, ஆறுதுன்னு பார்த்துக்கினே. அவளாவது தப்பிச்சான்னு இருந்தேன். அவளையும் புடிச்சு இழுத்தாந்துட்டீங்க." இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பற்றிச் சொன்ன முதல் புகார் அது. இல்லை, முன்னாலும் சொல்லியிருப்பாள். வெளியில் ஆள் காத்திருக்கிறார்கள் என்று நான் எழுந்து போயிருப்பேன்.

மறுநாள் ஏழுமலையைப் பார்க்கப் போனேன். முள்வேலியைச் சுற்றிக்கொண்டு, மூட்டையைத் தலையில் வைத்து அடுத்தவர் வரப்பு வழியாக நடந்து வந்துகொண்டிருந்தார். இறக்கி வைக்கும் வரைக்கும் காத்திருந்து எல்லாவற்றையும் சொன்னேன். என்னை நாலு வார்த்தை கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்போ பாப்பாவை நான் அத்தினி பேர் எதிர்ல பேசினது?" என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். உன்னைப் பார்க்க வருவார். வந்தால் உட்காரச் சொல்.

தள்ளுபடியான வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறேன். ஏன் ஆஜராகவில்லை என்று காரணம் சொல்லிப் பிரமாண வாக்குமூலம் கொடுக்க வேண்டும். வக்கீல்களுக்குக் கோர்ட்டுக் காகிதத்தில் வந்த காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் ஊரில் யாருக்கும் வந்திருக்காது. எனக்கே பல தடவை வந்திருக்கிறது. இந்தத் தடவை நடந்ததை நடந்தபடி எழுதினேன். மகள் மறுத்த வழக்கை அவள் பழைய கையெழுத்தை வைத்துத் தாக்கல் செய்தேன், அவளிடம் சொல்லவில்லை, வாய்தாவை மறந்தது நான் என்று. டைப் அடித்த என் குமாஸ்தா பாதியில் கையை நிறுத்திவிட்டார். "ஐயா, காய்ச்சல்னு போட்டா ஜல்தியா முடிஞ்சிடும். இப்படி எழுதினா பேஜாராயிடுங்க, உங்க மேலயே புகார் வரும்" என்றார். வரட்டும். அடியுங்கள் என்றேன். மீதி ஒன்பது வக்காலத்தும் இந்த உறையிலேயே இருக்கின்றன, எண்ணிப் பார்த்துக்கொள்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் என்கிற பழக்கம் விடவில்லை, ஒன்றே ஒன்று சொல்கிறேன். எதற்காக வேலையைக் குறைத்தீர்கள் என்று யாராவது கேட்டால் காரணம் சொல்லாதே. நான் குழந்தை என்றேன். நாளைக்கு இன்னொருத்தர் உடம்பு என்பார். எனக்காக என்று நீ சொன்னதே போதும். அது புரியாதவர்கள் என்னை மாதிரி நிறையப் பேர் இருப்போம். நாங்கள் புரிந்துகொள்ளும்வரை உன் தூக்கம் காத்திருக்க வேண்டியதில்லை. நானும் சாயங்கால ஆபீஸை மூடிவிடலாமா என்று யோசிக்கிறேன். உன் அம்மா நம்பவில்லை. மூடிவிட்டு என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. முன் ஹாலில் சும்மா உட்கார்ந்து பார்த்தேன், பத்து நிமிஷத்துக்கு மேல் முடியவில்லை.

மனு வருகிற வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வருகிறது. நானே வந்து ஆஜராகிறேன். வாக்குமூலத்தைப் படித்துவிட்டு ஜட்ஜ் என்னைக் கண்டிக்கலாம். நிறையப் பேர் இருக்கும்போதே கண்டித்தால் நல்லது. உங்கள் மகள் எங்கே என்றும் கட்டாயம் கேட்பார். அவங்க வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்கு வர்றதில்லீங்க என்று எல்லோர் காதிலும் விழும்படி நான் சொல்ல வேண்டும். அன்றைக்கு நீ வந்து நின்று, அதைப் பொய்யாக்கிவிடாதே பாப்பா.

அப்பா